ஹாங்காங்கில் ராகு காலம்

கேம்ப் ரோடு காய்கறிக் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேடம், நீங்கதானே அது?" என்று பக்கத்தில் ஒரு குரல். ஆமாம், நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு புலம்புகிற அதே ஆள்தான்.

"ஹாங்காங் போறேன், வந்து எழுதறேன்னு சொன்னீங்களே... வாராவாரம் பேப்பர் வந்ததும் உங்க பக்கத்தைத்தான் முதல்ல திருப்பறேன். அந்த ஹார்பர், நைட் வியூ... எப்படி இருந்துச்சு மேடம்? எங்க வீட்லயும் போலாம்னு பேசிகிட்டிருக்கோம்."

"நல்லா இருந்துச்சும்மா," என்றேன். வேறென்ன சொல்ல? முருங்கைக்காயைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பாரில் காயே இல்லை.

சரி, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நைட் வியூ எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தயவுசெய்து யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையில் இல்லை.

முதலில் என் அக்கா சகுந்தலாவைச் சொல்ல வேண்டும். மாடம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மாமா, அதாவது அவள் கணவர், அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸில் பெரிய அதட்டல் ஆசாமி என்று கேள்வி. வீட்டில் அக்கா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

அவர்களுக்கு ஒரே பையன், செந்தில். கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கூட வேலை பார்த்த கவிதாவைப் பிடித்துப்போயிற்று. நல்ல பெண். படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம்கூட இருக்கிறது. ஜாதிகூட இடிக்கவில்லை என்றால் பாருங்களேன்!

இடித்தது நட்சத்திரம். கவிதா ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

சிரிக்காதீர்கள். அக்கா நிஜமாகவே பயந்துபோனாள். ராத்திரியில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. "என் உசிரைவிட அவதான் முக்கியமாடா உனக்கு?" என்று பையனைக் கேட்டாள். எந்தப் பையன் இதற்குப் பதில் சொல்வான்? அவன் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஹாங்காங்கில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். ஏழு வருஷம் ஆகிறது. போன் கிடையாது, வரவு கிடையாது, பொங்கல் தீபாவளி எதுவும் கிடையாது.

நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இனியா என்று பெயர். என்னோடு மட்டும் அவனுக்குப் பேச்சுவார்த்தை இருந்ததால் போட்டோ எனக்கு வரும். அக்கா என் வீட்டுக்கு வந்து, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது, "அந்தப் போனைக் கொஞ்சம் குடேன்," என்பாள். அந்தக் குழந்தையின் முகத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி, கடைசியில் மூக்கு மட்டும்தான் திரையில் இருக்கும். அப்படியும் வைக்க மாட்டாள்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான்தான் தூது போனேன்.

தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் ஹாங்காங் டூர் போட்டிருந்தார். கூடவே நம்ம ஊர் சமையல்காரர் வருவார், மூன்று வேளையும் நம் சாப்பாடு, சாயங்காலம் ஃபில்டர் காபி. நம் ஜனங்களுக்கு இது இல்லாமல் சீனா என்ன, சொர்க்கமே ஆனாலும் ஆகாது. மூன்று பேருக்கு இடம் போட்டேன். பிறகு செந்திலுக்குப் போன் செய்தேன். 

"வீட்டுக்கெல்லாம் வேணாம் சித்தி," என்றான். "வெளியில பாக்கலாம். ஹார்பர்ல ஒரு கிளாக் டவர் இருக்கு. அதுக்குக் கீழ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு வந்துடறோம். எட்டு மணிக்கு லைட் ஷோ போடுவாங்க, இனியாவுக்குப் பிடிக்கும். அம்மா வரட்டும்... முதல்ல வந்து பாக்கட்டும். அப்புறம் மத்ததைப் பாப்போம்."

மத்ததைப் பாப்போம். இந்த இரண்டு சொல்லைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். அக்காவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நேராக ஜவுளிக்கடைக்குப் போய்க் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாள். அளவு தெரியாதே! ஆறு வயசுக்கு ஒன்று, ஏழு வயசுக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தாள்.

இன்னொன்றும் எடுத்தாள். கூடத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் அந்த வாரத்துத் தாள்களைக் கிழித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்குமே, அதற்காக. நான் பார்த்தேன். தலைவலி மாத்திரை எடுத்து வைக்கிற மாதிரிதானே என்று விட்டுவிட்டேன்.

ஹாங்காங்கில் இறங்கினோம். கட்டடங்களை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பஸ்ஸில் கைடு மைக் பிடித்துச் சரித்திரம் சொன்னார். வெள்ளைக்காரன் நம் நாட்டில் விளைந்த ஓபியத்தைக் கப்பல் கப்பலாகச் சீனாவுக்குக் கொண்டுபோய் விற்றான், வேண்டாம் என்று சொன்னவன்மேல் சண்டை போட்டான், ஜெயித்து இந்தத் தீவைப் பிடுங்கிக்கொண்டான். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே வைத்திருந்து, போனால் போகிறது என்று திருப்பிக் கொடுத்தான். அடப்பாவிகளா! நம் ஊர்ச் சரக்கை வைத்துக்கொண்டா அடுத்தவன் ஊரைப் பிடித்தீர்கள்?

எனக்கு நம்ம ஊர்த் துறைமுகம் ஞாபகம் வந்தது. அதையும் வெள்ளைக்காரன்தான் கட்டினான். பிறந்ததிலிருந்து சென்னையில் இருக்கிறேன். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் மதில் சுவருக்கு மேலே கிரேனின் தலை தெரியும், அவ்வளவுதான். உள்ளே போகப் பாஸ் வேண்டும். இங்கேயோ துறைமுகத்தை ஊருக்கு வாசலாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கம்பியில் சாய்ந்து நிற்கலாம், கேட்பார் இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. "ஞாயித்துக்கிழமை என்னிக்கு?" என்றாள். நாளைக்குத்தான் அக்கா, நாளைக்கு.

ஞாயிற்றுக்கிழமை. ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். மறுநாள் விடியற்காலை ஃப்ளைட்.

மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. ஞாயிறு ராகு காலம் மாலை நாலரையிலிருந்து ஆறு. கூட வந்தவர்கள் எல்லாம் கடைத்தெருவுக்குப் போக, அக்கா மட்டும் ரூமை விட்டு அசையவில்லை. போகட்டும், ஆறு மணியோடு முடிந்துவிடும், கிளம்புவது ஏழுக்குத்தானே என்று நானும் கூடவே இருந்தேன். குளித்தாள். அரக்குப் பட்டு கட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று பொட்டை மூன்று தடவை மாற்றினாள். "கிழவியாயிட்டேன்னு நினைப்பானோ?" என்றாள். கல்யாணப் பெண்கூட அப்படி மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழே லாபிக்கு வந்தோம். லைட் ஷோவுக்குப் போகிற டூர் பஸ் வாசலில் நிற்கிறது. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மாமாவின் போனில் டிங் என்று ஒரு சத்தம்.

ஜோசியர்.

அக்காவுக்கு மத்தியானம் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. ராகு காலம் எந்த ஊர் நேரத்துக்கு? ஹாங்காங் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாமாவை விட்டு ஜோசியருக்கு வாட்ஸப்பில் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அவர் மத்தியானத் தூக்கமெல்லாம் முடித்துவிட்டு இப்போதுதான் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். "ஸ்தல ராகுவும் பாக்கணும், ஜென்ம பூமி ராகுவும் பாக்கணும். முக்கியமான காரியம்னா ரெண்டையும் தவிர்க்கறது உத்தமம். க்ஷேமமா போயிட்டு வாங்கோ."

நம் ஊர் நாலரை, அங்கே ஏழு. நம் ஊர் ஆறு, அங்கே எட்டரை.

அக்கா கணக்குப் போட்டாள். போட்டுவிட்டு லாபி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எழுந்திரு. பஸ் போயிடும்."

"எட்டரைக்கு அப்புறம் வரேன் விஜி."

"செந்தில் ஏழரைக்கு வந்து நிப்பான்!"

"ஒரு மணி நேரம் நிக்க மாட்டானா? ஏழு வருஷம் இருந்தவன் ஒரு மணி நேரம் இருக்க மாட்டானா?"

"அக்கா, ராகு காலம் சூரியனை வச்சுத்தானே போடறாங்க? வெளிய பாரு, சூரியனே இல்ல. இங்க உள்ள ராகு போயாச்சு."

"நான் பொறந்தது நம்ம ஊர்ல. எனக்கு நம்ம ஊர் ராகுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... லாபி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எங்கள் சமையல்காரர் தாஸ், பெருங்களத்தூர்க்காரர், ராத்திரிச் சாப்பாட்டை ஹாட்பேக்கில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்தவர், நின்றுவிட்டார். "இன்னாக்கா, அல்லாரும் வண்டில ஏறிக்கினு கீறாங்க, நீங்க இன்னா குந்திகினு கீறீங்க?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். இவராவது என் பக்கம் பேசுவார் என்று ஒரு நப்பாசை.

தாஸ் ஹாட்பேக்கைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அக்கா சொல்றதும் கரெக்ட்டுதான் மேடம். நம்ம ராகு நம்ம கூடதானே வரும்? நீங்க போங்க. நான் சோத்தை ரெடி பண்ணி வச்சிட்டு, எட்டரைக்கு டாக்சில இட்டாந்துடறேன். ஒண்ணியும் பேஜார் ஆவாது."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "திட்டாதடி. உனக்குப் புரியல. இத்தனை வருஷம் கழிச்சு என் புள்ளையப் பாக்கப் போறேன். இந்தத் தடவையும் ஏதாவது தப்பா ஆயிட்டா நான் செத்துடுவேன். ஒரு குறையும் இல்லாம போகணும்டி. அவ்வளவுதான்."

 நான் மட்டும் பஸ் ஏறினேன். போய் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வோம், ஒரு மணி நேரம்தானே, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த கிளாக் டவர் செங்கல்லும் கருங்கல்லுமாக நெட்டையாக நிற்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடமாம். ஸ்டேஷனை இடித்துவிட்டு, மணிக்கூண்டை மட்டும் பாவம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் கீழே செந்தில் நின்றுகொண்டிருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. பக்கத்தில் கவிதா, புடவையில். மாமியாரைப் பார்ப்பதற்காகப் புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அந்தக் கூட்டத்தில் புடவை கட்டினவள் அவள் ஒருத்திதான். நடுவில் குழந்தை.

போட்டோவில் பார்த்த மூக்குதான். அக்காவின் மூக்கு. அச்சு அசலாக அக்காவின் மூக்கு.

செந்திலின் கண் எனக்குப் பின்னால் போயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தது. கடைசி ஆள் இறங்கினதும் என்னிடம் திரும்பி வந்தது.

"அம்மா எங்க சித்தி?"

"வந்துகிட்டே இருக்காங்கடா. பின்னாடி டாக்சில..."

"ஏன், இதே பஸ்ல வரல?"

இந்த நேரம் பார்த்து, நான் கொடுத்திருந்த நம்பரை வைத்து மாமா அவன் போனுக்கு மெசேஜ் வேறு அனுப்பினார். "வழியில் இருக்கிறோம்." இது நம் ஊர்ச் சம்பிரதாயம். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு, "இதோ, பெருங்களத்தூர் சிக்னல் தாண்டிட்டேன்" என்று சொல்லாதவர் யார்? கூசாமல் சொல்லுவோம், கேட்கிறவரும் கூசாமல் நம்புகிற மாதிரி நடிப்பார். ஹாங்காங்கில் ஏழு வருஷம் இருந்தவன் அதை நிஜமாகவே நம்பினான். கம்பிக்குப் பக்கத்தில் முன்னாடி இடம் பிடித்து, "அம்மா வந்தா இங்க நிக்கட்டும், நல்லாத் தெரியும்," என்று தன் பையை வைத்து மறித்தான். கூட்டம் இடிக்க இடிக்க, அந்த ஓர் ஆள் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றான்.

"பாட்டி எந்த போட்ல வருவாங்க?" என்று குழந்தை கேட்டது. தமிழில்தான் கேட்டது. கவிதா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

எட்டு மணி. எதிர்க்கரையில் அத்தனை கட்டடமும் ஒன்றாக மினுங்க ஆரம்பித்தது. பச்சை, நீலம், சிவப்பு... ஆகாயத்தில் கோடு கோடாக வெளிச்சம். தண்ணீர் முழுக்க நிறம். உலகம் பூராவிலிருந்தும் வந்த ஜனங்கள் ஓவென்று கத்துகிறார்கள். செந்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். ஆனால் அவன் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. டாக்சி வந்து நிற்கிற ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதாம்மா, காய்கறிக் கடையில் நீங்கள் கேட்ட நைட் வியூ.

லைட் ஷோ கொஞ்ச நேரம்தான். முடிந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. செந்தில் குழந்தையை இறக்கிவிட்டான். மேலே மணிக்கூண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் மெதுவாக மாறிற்று.

"சித்தி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நாலரை டு ஆறு. இந்தியா டைமுக்கு." விரலை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை அவன். "இங்க ஏழுலேர்ந்து எட்டரை. ராகு காலம். அதானே சித்தி?"

பெற்றவளை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பான்?  அதானேடா, அதேதான் என்று தலையை ஆட்டினேன். அவன் சிரித்தான். அடக்க முடியாமல் சிரித்தான், பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கூட என்னவோ ஜோக் என்று நினைத்துப் புன்னகை செய்தார்.

கவிதாதான் அவன் கையைப் பிடித்தாள். "பரவால்ல செந்தில். அவங்க வரலைன்னா என்ன? நாம ஓட்டலுக்குப் போயிடலாம். பக்கம்தானே சித்தி? குழந்தையைக் காட்டிட்டு வந்துடலாம்."

தங்கமான பெண்! நான் பரபரவென்று மாமாவுக்குப் போன் போட்டேன். அந்த இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். "மாமா, நீங்க வர வேணாம். செந்திலே குழந்தையோட அங்க வரான். இப்பவே கிளம்பி வரோம்!"

மாமா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல். அலறல் என்றுதான் சொல்ல வேண்டும். "ஐயோ, இப்ப வர வேணாம்னு சொல்லுங்க! குழந்தையைத் தூக்கிக்கிட்டு இந்த நேரத்துல கிளம்ப வேணாம்! எட்டரைக்கு மேல வரச் சொல்லுங்க! இப்ப வேணாம்!"

அவள் பேரக்குழந்தைக்காகப் பயந்தாள். எனக்குத் தெரியும். அந்தக் குரலில் இருந்தது முழுக்கப் பிரியம்தான். ஆனால் ஏழு வருஷத்துக்குப் பிறகு அம்மா குரலில் செந்தில் கேட்ட முதல் வார்த்தை, "இப்ப வர வேணாம்".

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"கவிதாவை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேனே, அன்னைக்கும் வாசல்ல நின்னு இதையேதான் சொன்னாங்க சித்தி. இப்ப வேணாம்னு," என்றான். "சரி, வேணாம். போதும்."

"டேய், இன்னும் கொஞ்ச நேரம்டா... வந்துடுவாடா. எனக்காக இருடா."

"உங்களுக்காகத்தான் சித்தி இன்னைக்கு வந்தேன்." பையை எடுத்துக்கொண்டான். பிடித்து வைத்திருந்த அந்த இடத்தில் உடனே யாரோ ஒரு ஜோடி வந்து நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்தது. குழந்தை திரும்பித் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனது. இன்னும் எந்தப் படகிலாவது பாட்டி வருவாள் என்று நினைத்ததோ என்னவோ.

கவிதா மட்டும் இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"அத்தைக்கு உடம்பு நல்லா இருக்குல்ல சித்தி?"

"நல்லா இருக்காம்மா. சுகர்கூட இல்ல."

"எங்க கல்யாணத்துக்கு அப்புறமும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப சரி," என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் பின்னால் ஓடினாள். எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. வயசில் சின்னவளாய் இருந்தால் என்ன? விழுந்திருக்க வேண்டும்.

எட்டரை மணி தாண்டி டாக்சி வந்தது. அக்கா இறங்கினாள். வலது காலை முதலில் வைத்து இறங்கினாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் பட்டுப்பாவாடைப் பை. முகம் அப்படியே மலர்ந்திருந்தது. கிளாக் டவரைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். மறுபடி ஒரு தடவை.

"எங்கடி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர் விஷயத்தையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாமா போனை எடுத்து அவன் நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். பிறகு அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "உன்னாலதான்டி," என்று அக்காவைச் சொன்னார். அதையும் பலமாகச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

அக்கா அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தை வளத்தியா இருக்கா? ஆறு வயசுப் பாவாடை போதுமா, ஏழா?" என்று கேட்டாள்.

ஏழு என்றேன். அந்தப் பாவாடையைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பைத் தடவிவிட்டு, திரும்ப உள்ளே வைத்தாள்.

டாக்சியில் கூடவே வந்த தாஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். "வந்தது வந்தீங்க, ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்க்கா. பின்னாடி லைட்டு சூப்பரா கீது. கொஞ்சம் சிரிங்க..." எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தார். அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. பின்னால் அவ்வளவு வெளிச்சம். முன்னால் மூன்று முகம். பார்க்கவே முடியவில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு நாளில் செந்திலிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. "நீங்க எப்ப வேணா வாங்க சித்தி. வீட்டுக்கே வாங்க. அவங்க வேணாம். இனிமே கேக்காதீங்க." அவ்வளவுதான். நான் போன் செய்தேன், வேறு எல்லாம் பேசினான். அம்மா என்று ஆரம்பித்தால் "வெச்சுடறேன் சித்தி" என்கிறான். கவிதாவிடம் பேசிப் பார்த்தேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் சித்தி... அந்தக் குரல் அவருக்குக் காதுலயே இருக்காம்," என்கிறாள். மாமாவிடம் மெசேஜைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அக்காவிடம் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். இதை எழுதட்டுமா என்று கேட்கத்தான் போனேன். கூடத்தில் பெரிய பஞ்சாங்கத்தை விரித்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் பிரகாசமாயிற்று. எத்தனையோ நாள் கழித்து அந்த முகத்தில் களை!

"வாடி விஜி. என்ன தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

 கடவுளே, கடைசியில் இவளுக்குப் புரிந்துவிட்டதா? புரிந்துவிட்டால் போதும், நாளைக்கே அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்தாவது...

"அன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம்! ராகு காலத்தை மட்டும் பாத்தேனே தவிர, இதைப் பாக்காம கோட்டை விட்டுட்டேன், பாவி. அதான் அப்படி ஆயிடுச்சு. நீ தாராளமா எழுது. போறவங்க நாலு பேரு சந்திராஷ்டமமும் பாத்துட்டுப் போகட்டும்."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவள் பஞ்சாங்கத்தை என் பக்கம் திருப்பினாள். தை மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ராகு இல்லை, எமகண்டம் இல்லை, சூலம் இல்லை, சந்திராஷ்டமம் இல்லை. இந்த ஊர் நேரத்துக்கும் பார்த்தாகிவிட்டதாம், அந்த ஊர் நேரத்துக்கும் பார்த்தாகிவிட்டதாம். "அதுக்குள்ள குழந்தை இன்னும் வளந்துடும், எட்டு வயசுப் பாவாடையா எடுத்துடலாம். நீ செந்திலுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு, என்ன?" என்றாள்.

சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாள் நல்ல நாள்தான். ஆள்தான் இல்லை.